பிள்ளைக்கு நின்றவள்

ஜனவரி 17, வியாழன்

ஊர்க்கூட்டம் ஒப்புக்கொண்டுவிட்டது. பதினொரு மாதம் நடையாய் நடந்ததற்கு இன்றைக்குப் பலன். இனி மந்தையில் பிள்ளைகளைப் பற்றி எந்த வழக்கு வந்தாலும் அந்தப் பிள்ளைக்காகப் பேச ஓர் ஆள் பக்கத்தில் நிற்கலாம். “நிக்கட்டும் புள்ள. கூடக் கொறையப் பேசாம இருந்தாச் சரி” என்றார் ஊர்க்கவுண்டர் சடையன் மாமா. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னார், ஆட்டுக்குட்டியை அவிழ்த்துவிடச் சொல்வதுபோல. நான்தான் அழுதுவிட்டேன். மலைக்குக் கீழே கோர்ட்டில் முப்பத்திரண்டு வருடம் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவள், எந்தத் தீர்ப்புக்கும் கண்ணைக் கசக்காதவள்.

இந்த நோட்டை எனக்குப் பின்னால் வருகிறவர்களும் புரட்ட வேண்டியிருக்கும். அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். நான் பச்சையம்மாள். இதே புளியங்கொட்டாயில் பிறந்து, பதினான்கு வயதில் ஹாஸ்டலுக்குப் போய், அறுபதில் பென்ஷனோடு திரும்பி வந்தவள். ஊரில் எனக்குப் பெயர் கோர்ட்டக்கா. எங்கள் மலைச்சனம் குடும்ப வழக்கு எதற்கும் கீழே இறங்காது. ஏர் பூட்டாத திங்கட்கிழமையில் வேங்கை மரத்தடி மந்தையில் கூட்டம் கூடும். அங்கே சொன்னதுதான் முடிவு. புருஷன் பெண்டாட்டி பிரிந்தால் பிள்ளை யாருக்கு என்பதும் அங்கேதான் பேசப்படும். பிள்ளை மட்டும் அங்கே இருக்காது, எங்காவது ஆடு மேய்த்துக்கொண்டிருக்கும்.

கீழே நான் பார்த்த நீதிபதிகள் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்பார்கள். அந்த ஒரு வார்த்தைதான் நான் மலைக்குக் கொண்டுவர நினைத்தது.

வீட்டில் ஓடு இரண்டு நகர்ந்திருக்கிறது. ஆள் சொல்ல வேண்டும்.

ஜனவரி 27, ஞாயிறு

பயிற்சிக்குப் பெயர் கொடுத்தவர்கள் பதினொரு பேர். வந்தவர்கள் நான்கு பேர். அதில் ஒருவர் ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கிறார்கள் என்று நினைத்து வந்தார். டீ குடித்துவிட்டுப் போனார். இன்னொரு பெண்ணை மாமனார் வந்து கையோடு கூட்டிப் போய்விட்டார். மிச்சம் இரண்டு பேர்: ஜீப் ஓட்டும் கோவிந்தன், அங்கன்வாடியில் சமைக்கும் தெய்வானை. போதும், இரண்டு பேரை வைத்துக்கொண்டே ஆரம்பிக்கலாம்.

எனக்கு விதி இல்லாமல் வேலை ஓடாது. கரும்பலகையில் இரண்டு விதி எழுதினேன். ஒன்று, ஒரு பிள்ளைக்கு ஒருவர்தான் நிற்க வேண்டும். இரண்டு பிள்ளைக்கு ஒரே ஆள் நின்றால் ஒன்றின் பேச்சு மற்றொன்றின் மேல் ஏறிவிடும். இரண்டு, பிள்ளை சொன்னதைச் சொல்ல வேண்டும். நம் அபிப்பிராயத்தைக் கலக்கக் கூடாது.

தெய்வானை கை தூக்கினாள். “பேசத் தெரியாத சின்னப் புள்ளையா இருந்தா என்னக்கா பண்றது?”

“கூடவே உக்காந்து பாரு. பாத்ததச் சொல்லு” என்றேன்.

எழுதிக்கொண்டாள். அவளுக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். ஆனாலும் ஒரு எழுத்து விடாமல் எழுதினாள்.

பிப்ரவரி 4, திங்கள்

முதல் வழக்கு வந்துவிட்டது.

ராமாயி. வயது இருபத்தெட்டு இருக்கும். புருஷன் தீர்த்தன் குடகுக்கு மிளகுத் தோட்ட வேலைக்குப் போனவன், இரண்டு வருடமாக ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு, போன ஆடியில் ஓந்திப்பாறைக்காரன் ஒருவனோடு போய்விட்டாள். எங்களிடம் அது குற்றமில்லை. மந்தையில் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் பிள்ளைகள் அப்பன் வீட்டுக்கு உரியவை. அதனால் மகள் பூங்காவனத்தையும் மகன் வேடியையும் தீர்த்தனின் அக்கா செம்பாயி வீட்டில் விட்டுப் போனாள். இப்போது இரண்டு பேரும் வேண்டும் என்று கேட்கிறாள். தீர்த்தன் போனில் சொல்லி அனுப்பிவிட்டான், எம்புள்ளைங்க எங்கூட்டுலயே இருக்கட்டும் என்று. தான் வந்து இருப்பதாக மட்டும் சொல்லவில்லை.

பூங்காவுக்கு வயது ஒன்பது. வேடிக்கு இரண்டரை. கூட்டம் 25ஆம் தேதி. பூங்காவுக்கு நான் நிற்கிறேன். வேடிக்குத் தெய்வானை.

பிப்ரவரி 9, சனி

செம்பாயி வீட்டுக்குப் போனேன். பிஸ்கட் வாங்கிப் போனேன். பூங்கா ஒரு வார்த்தை பேசவில்லை. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே பாத்திரம் துலக்கினாள், அவனை வைத்துக்கொண்டே அடுப்புக்குச் சுள்ளி ஒடித்தாள். இறக்கிவிடேன் என்றால் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அக்கா இடுப்பை விட்டு அந்தப் பயல் இறங்குவதாகத் தெரியவில்லை.

செம்பாயி கெட்டவள் இல்லை. பிள்ளை இல்லாதவள், புருஷனும் போய்விட்டான். காலையில் சாமைக்காட்டுக்குக் கிளம்பினால் பொழுது சாயும்போதுதான் வீடு. “நான் சோறு போடுறேன், அவ பாத்துக்கிறா. பள்ளிக்கோடம் போவலன்னு நீ ஒண்ணும் எழுதிப்புடாத கோர்ட்டக்கா” என்றாள். எழுதவில்லை என்றேன். இங்கே எழுதிவிட்டேன்.

இடுப்பு வலிக்கிறது. ஏறி இறங்கும் வயதா எனக்கு.

பிப்ரவரி 16, சனி

இன்றைக்குப் பேசினாள். குழாயடியில் குடம் நிரம்பும்வரை பேசினாள். நிரம்பி வழிந்த பிறகும் பேசினாள்.

“எங்கம்மாகிட்ட போவணும் கோர்ட்டாயா.”

“அத்தை அடிக்குதா?”

“இல்ல.”

“அப்புறம் ஏன்?”

யோசித்தாள். “அம்மா தல வாரி உடும். வாரும்போது ஏதாச்சும் பேசிக்கிட்டே இருக்கும்.”

இதற்கு மேல் என்ன காரணம் வேண்டும்? எழுதிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவள் பேசியதெல்லாம் தம்பியைப் பற்றி. சோறு உருட்டி ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுத்தால்தான் சாப்பிடுவான், ஏழு வரைக்கும் எண்ண வேண்டும், எட்டு என்றால் வாயை மூடிக்கொள்வான். இடி இடித்தால் காதைப் பொத்த வேண்டும், அவன் காதை இல்லை, அவன் கையால் அவள் காதை. இப்படி அரை மணி நேரம். வழக்குக்கு வேண்டியது மூன்று வரிதான். பிள்ளைகளைப் பேசவிட்டால் இப்படித்தான் எங்கேயோ போய்விடும், பொறுமையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

குடத்தைத் தூக்கும்போது கேட்டாள்: “நான் சொன்னாக் கேப்பாங்களா?”

“கேப்பாங்க. அதுக்குத்தான நான் இருக்கேன்.”

“சத்தியமா?”

நான் சத்தியம் செய்கிற ஆள் இல்லை. செய்தேன்.

பிப்ரவரி 21, வியாழன்

கோர்ட்டிலிருந்து கடிதம் வந்தது. 25ஆம் தேதி கூட்டத்தைப் பார்க்கக் கீழிருந்து ஒரு நீதிபதியம்மா வருகிறார். மலைக்கு! என் நீலப் பட்டுப் புடவையை எடுத்துக் காற்றாடப் போட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 23, சனி

தெய்வானையின் மாமியார் காலமாகிவிட்டார். எண்பது தாண்டிய கிழவி, கஷ்டப்படாமல் போய்விட்டார். போய் மாலை போட்டுவிட்டு வந்தேன். தெய்வானைக்குப் பதினாறு நாள் தீட்டு. தீட்டு உள்ளவர்கள் மந்தையை மிதிக்கக் கூடாது. வேடிக்கு ஆள் இல்லை.

கோவிந்தனைக் கேட்டேன். வேடியை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை, தெரியாத பிள்ளைக்கு எப்படி நிற்பது என்று கேட்கிறான். நான் சொல்லிக்கொடுத்த பாடத்தை எனக்கே திருப்பிப் படிக்கிறான்.

போகட்டும். அக்கா எங்கே போகிறாளோ தம்பியும் அங்கேதானே போவான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

பிப்ரவரி 25, திங்கள்

இன்று நடந்தது முறைப்படி நடந்தது. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

நீதிபதியம்மா பத்தரைக்கு வந்தார். நாற்காலி போட்டிருந்தோம், வேண்டாமென்று எல்லோரோடும் பாயில் உட்கார்ந்தார். அறுபது பேருக்கு மேல் கூட்டம். பூங்காவின் கையைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் நின்றேன். இந்த மந்தையில் இதுவரை எந்தப் பெண்பிள்ளையும் நின்றதில்லை. மற்றொரு கையால் தம்பியை இடுப்பில் பிடித்திருந்தாள்.

சடையன் மாமா கேட்டார். நான் சொன்னேன், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை: “பூங்காவனம் சொல்லுது, எனக்கு எங்கம்மாகிட்ட போவணும். அத்தை அடிக்கல. அம்மா தல வாரி உடும், பேசிக்கிட்டே வாரும். அதனால போவணும்.”

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பார்கள் என்று பயந்தேன். பின்னாலிருந்து ஒரு பெரியவர், “ஒம்போது வயசுப் புள்ள பேச்ச எடுத்துக்கிறதா?” என்றார். சடையன் மாமா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், “கேக்குறோம்னு சொல்லிட்டம்ல. பெரியவங்க பேச்சு எப்படியோ அப்படித்தான் இதுவும்” என்றார். அந்த நிமிடம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பிறகு கேட்டார்: “சின்னவனுக்கு யாரு நிக்கிறது?”

அவரே என் பக்கம் திரும்பினார்.

“நீயே நிக்கிறியா புள்ள? ரெண்டுக்குஞ் சேத்து?”

“ஒரு பிள்ளைக்கு ஒருத்தருதான் மாமா. நான் பூங்காவுக்கு மட்டுந்தான் நிக்கிறேன்” என்றேன். நீதிபதியம்மா தலையசைத்ததை ஓரக்கண்ணால் பார்த்தேன்.

கூட்டத்துப் பெரியவர்கள் ஐந்து பேர் தனியாகப் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். முடிவு இது. பூங்காவனத்தின் பேச்சைக் கூட்டம் கேட்டுக்கொண்டது; அவள் தாயோடு போகலாம். வேடிக்கு யாரும் நிற்காததால் பழைய வழக்கப்படி அவன் அப்பன் வீட்டுக்கு. அதோடு நிற்கவில்லை. அப்பன் வீட்டை வேண்டாமென்று மந்தையில் சொன்னவர் யாரானாலும் அவருக்கு வாசல் அறுப்பு. பெரியவர்களின் பேச்சைப்போல எடுத்துக்கொண்டதால் பெரியவர்களுக்கு உள்ளதுதான் பூங்காவுக்கும். இனி அவள் செம்பாயி வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. அந்த வீட்டு ஆட்களும் அவளோடு பேசக் கூடாது.

வாசல் அறுப்பு எனக்குத் தெரியாததா? சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். புருஷனை விட்டுப் போகிற பெண்களுக்குச் செய்வது. பிள்ளைக்குச் செய்வார்கள் என்று யார் நினைத்தது?

பூங்காவுக்கு முதலில் புரியவில்லை. செம்பாயி வந்து அவள் இடுப்பிலிருந்து வேடியை வாங்கியபோதுதான் புரிந்தது. என் கையை உதறினாள்.

தலை வலிக்கிறது. நீதிபதியம்மா போகும்போது, முதல் முறை ஒரு பிள்ளையின் குரல் கேட்கப்பட்டிருக்கிறது, பெரிய விஷயம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிப்ரவரி 26, செவ்வாய்

ஓடு மாற்றினார்கள்.

மார்ச் 12, செவ்வாய்

தெய்வானை தீட்டு கழிந்து வந்தாள். நான் டீ போடுவதற்குள் கேட்டாள்: “ஏங்கக்கா, எனக்காவ நிறுத்தி வெக்கச் சொல்லலையா?”

கூட்டம் யாருக்காகவும் நிற்காது என்றேன். அவள் டீயை வாங்கிக் குடிக்காமலேயே வைத்திருந்தாள். அவள் செம்பாயி வீட்டுக்குப் போய் வந்திருக்கிறாள். வேடி மூன்று நாள் எதையும் வாயில் வைக்கவில்லையாம். நாலாம் நாள் சாப்பிட்டானாம். “சாப்பிட்டான்ல” என்றேன்.

மார்ச் 31, ஞாயிறு

ஓந்திப்பாறைக்குப் போனேன். கோவிந்தன் ஜீப்பில் பாதி தூரம், மிச்சம் நடை. ராமாயி நன்றாகத்தான் வைத்திருக்கிறாள். புதுப்பாவாடை, இரட்டைச் சடை, ரிப்பன். பூங்கா என்னைப் பார்த்ததும் எழுந்து வீட்டுக்குப் பின்னால் போய்விட்டாள்.

“எங்கிட்டயுந்தான் பேசுறதில்லீங்கக்கா” என்றாள் ராமாயி. “தல வார உக்காருது. வாரி முடிச்சதும் எந்திரிச்சுப் போயிரும். சாயந்திரமானா ஓடை வரைக்கும் போவும். அதுக்கு அந்தாண்ட புளியங்கொட்டாய் எல்லையில்லீங்களா? தாண்டாது. நின்னு பாத்துட்டு வந்துரும்.”

ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பூங்கா வரவில்லை. பிள்ளைகளுக்குக் கோபம் வருவது சகஜம், நாளாவட்டத்தில் சரியாகிவிடும் என்று ராமாயிக்குச் சொன்னேன். அவள் சரிங்கக்கா, சரிங்கக்கா என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

மே 6, திங்கள்

இரண்டாவது வழக்கு. கோவிந்தன் நின்றான். நன்றாகச் செய்தான். பக்கத்து மலையிலிருந்து இரண்டு ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, எங்கள் ஊரிலும் இப்படி வைக்க வேண்டும், வந்து சொல்லிக்கொடுங்கள் என்றார்கள். எங்கள் ஊரோடு சேர்த்து இனி மூன்று ஊர். கை நிறைய வேலை.

ஓந்திப்பாறைக்கு இந்த மாதம் போக முடியாது.

ஜூன் 19, புதன்

தெய்வானை வந்து சொன்னாள், வேடி இப்போது செம்பாயியை அம்மா என்கிறானாம்.

நல்லதுதானே என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 8, திங்கள்

சடையன் மாமாவைப் பார்க்கப் போனேன். ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தார். பூங்கா வழக்கைத் திரும்ப எடுக்க முடியுமா என்று கேட்டேன்.

“தீந்தது தீந்ததுதான் புள்ள. கேளு கேளுன்னு நீதான சொன்ன? கேட்டம். அது சொன்னதத்தான செஞ்சம்?”

“புள்ள கேட்டது அது இல்ல மாமா.”

“அப்ப நீ சொன்னது தப்பா?”

அவர் தழையைக் கட்டி வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு வழி இருக்கிறதாம். நின்றவரே மந்தைக்கு வந்து, நான் நின்றது தப்பு என்று சொன்னால் வழக்கைத் திரும்ப எடுக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னவர் அதன் பிறகு சாகும்வரை மந்தையில் வாய் திறக்கக் கூடாது. ஒருவருக்கும் நிற்கக் கூடாது. அவருடைய தாத்தா காலத்தில் ஒருவர் அப்படிச் செய்தாராம். அதற்குப் பிறகு யாருமில்லை.

“யோசிச்சுக்க” என்றார். “அவசரமில்ல.”

இதே வார்த்தையை அவர் எனக்கு முன்பும் ஒரு தடவை சொல்லியிருக்கிறார். அதை இந்த நோட்டில் எழுதவில்லை. இப்போதும் எழுதப் போவதில்லை.

ஜூலை 22, திங்கள்

நான் விலகினால் யார் நடத்துவது? கோவிந்தன் நல்லவன், ஆனால் நாலு பேருக்கு முன்னால் கோபப்பட்டுவிடுவான். தெய்வானைக்கு எழுத்து வராது. மூன்று ஊர் ஐந்து ஊராகும் நேரம். ஒரு பிள்ளைக்காகப் பத்துப் பிள்ளைகளைக் கைவிடுவதா? நியாயமாக யோசித்தால் நான் விலகக் கூடாது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

மழை. கூரை ஒழுகவில்லை.

மூன்று ஊரிலும் பயிற்சி நன்றாக நடக்கிறது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். மறைத்து வைத்திருக்கும் நோட்டை யார் படித்து என்ன பிரயோஜனம்?

பிப்ரவரி 25ஆம் தேதி காலை ஏழு மணிக்குச் சடையன் மாமா என் வாசலுக்கு வந்தார். “தெய்வானைக்குத் தீட்டாச்சே, சின்னவனுக்கு ஆளில்லியே, பதினாறு நாள் தள்ளிப் போட்டுக்கலாமா புள்ள? எங்களுக்கொண்ணும் அவசரமில்ல” என்றார். நான் பட்டுப் புடவைக்குக் கொசுவம் வைத்துக்கொண்டிருந்தேன். “வேணாம் மாமா, அந்தம்மா அவ்ளோ தூரத்துலேருந்து வர்றாங்க” என்றேன்.

நடந்தது இதுதான். எந்த விதியும் என் கையைக் கட்டவில்லை. மந்தையில் அவர் நீயே ரெண்டுக்கும் நிற்கிறாயா என்று கேட்டபோதாவது ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். தம்பியில்லாமல் அந்தப் பெண்ணால் ஒரு நாள்கூட இருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். குழாயடியில் அரை மணி நேரம் அதைத்தானே சொன்னாள். அன்று அந்த அம்மா முன்னால் என் விதி நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அசிங்கமாக இருக்கிறது, எழுதுவதற்கே.

வழி தெரிந்து ஏழு வாரமாகிறது. அதையும் வீணாக்கிவிட்டேன். மூன்று வயது நிரம்பாத பிள்ளைக்கு ஏழு வாரம் என்பது எவ்வளவு காலம்?

செப்டம்பர் 2, திங்கள்

சொல்லிவிட்டேன். மந்தையில், எல்லோர் முன்னாலும். “நான் பூங்காவனத்துக்கு நின்னது தப்பு. அந்தப் புள்ள கேட்டத முழுசா நான் சொல்லல.” பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ ச்சொ என்றார்கள். சடையன் மாமா, “பச்ச இனிமே இங்க வந்தா உக்காந்து கேட்டுக்கலாம்” என்றார். அவ்வளவுதான். நான் போய்ப் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வழக்கு 30ஆம் தேதிக்கு எடுக்கப்படுகிறது. பூங்காவுக்குக் கோவிந்தன். வேடிக்குத் தெய்வானை. நேரே ஓந்திப்பாறைக்குப் போய்ச் சொன்னேன். பூங்கா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். கிளம்பும்போது கதவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பேசவில்லை, ஆனால் பார்த்தாள். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன், சந்தோஷத்தில்தான்.

செப்டம்பர் 18, புதன்

தெய்வானை தினமும் செம்பாயி வீட்டில் போய் உட்கார்கிறாள். பாத்ததச் சொல்லு என்று நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்கிறாள். என்ன பார்த்தாய் என்று கேட்டேன்.

“மந்தையில சொல்றங்க்கா. முன்னாடியே சொல்லக் கூடாதில்ல.”

சரிதான். அதுவும் நான் சொல்லிக்கொடுத்ததுதான்.

செப்டம்பர் 22, ஞாயிறு

கூட்டத்தின் அனுமதியோடு தெய்வானை இன்று அங்கன்வாடியில் அக்காவையும் தம்பியையும் சந்திக்க வைத்தாள். நான் போகவில்லை, போகும் உரிமை எனக்கில்லை. எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பூங்கா உள்ளே ஓடியதைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் குழந்தை வீறிட்டு அழும் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கேட்டது. பூங்கா வெளியே வந்து வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

ஏழு மாத இடைவெளி. முதல் தடவை பார்த்தால் பயப்படத்தான் செய்வான். கூட இருந்தால் பழகிவிடுவான்.

செப்டம்பர் 30, திங்கள்

பூங்காவை என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். ராமாயி அந்தப் பக்கம். எதிரே செம்பாயி மடியில் வேடி. குண்டாகியிருக்கிறான். கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு கட்டியிருந்தார்கள்.

முதலில் பூங்காவின் கையைப் பிடித்துக் கோவிந்தன் நின்றான். எல்லாவற்றையும் சொன்னான். “அம்மாவும் வேணும், தம்பியும் வேணும். அன்னிக்கும் அதத்தான் சொன்னேன். தம்பி வராதுன்னா அம்மாகிட்டயே போயிருக்க மாட்டேன்.” வாசல் அறுப்பை எடுத்துவிடலாம் என்று சடையன் மாமா அந்த இடத்திலேயே சொன்னார். “சின்னப் புள்ளைக்கு நாங்க செஞ்சதுந் தப்புதான்” என்றார். ஒரு ஊர்க்கவுண்டர் மந்தையில் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. பூங்கா திரும்பி வந்து உட்கார்ந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவளாகவே பிடித்துக்கொண்டாள்.

பிறகு தெய்வானை எழுந்தாள். நோட்டைப் பிரித்து, விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

“வேடி செம்பாயிய அம்மாங்குறான். அதுங்கூடத்தான் தூங்குறான். அது காட்டுக்குப் போவும்போது அவனையும் தூக்கிட்டுப் போவுது, இப்ப உட்டுட்டுப் போறதில்ல. அக்கான்னு ஒண்ணு இருக்குறது அவனுக்கு நெனப்பில்ல. கூட்டியாந்து காட்டுனேன். மூணு தடவ காட்டுனேன். மூணு தடவையும் அழுதான். மூணாந் தடவ செம்பாயி சேலைக்குள்ள பூந்துக்கிட்டு, அந்தப் புள்ளைய போவச் சொல்லுன்னான்.” நிறுத்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இப்ப அவன அங்கேருந்து எடுத்தா, போன வாட்டி பட்டத இன்னொரு வாட்டி படுவான். அவன் இருக்குற எடத்துலயே இருக்கணும். நான் பாத்தது இதான்.”

பூங்கா என் முழங்கையை உலுக்கினாள். ஏழு மாதத்துக்குப் பிறகு அவள் குரலைக் கேட்டேன்.

“எந்திரிங்க. எந்திரிச்சுச் சொல்லுங்க கோர்ட்டாயா. அவனுக்கு என்னிய தெரியும். மறந்தாப்புல இருக்கான், அவ்ளோதான். சொல்லுங்க.”

என்னால் முடியாது. இந்த வழக்கைத் திறக்க நான் கொடுத்தது அந்த வாயைத்தான். உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். “சொல்லுங்க, சொல்லுங்க” என்று அவள் உலுக்கிக்கொண்டே இருந்தாள். ராமாயி வந்து அவள் விரல்களைப் பிரித்து எடுத்தாள்.

ஐந்து பேரும் எழுந்துகூடப் போகவில்லை. வேடி செம்பாயி வீட்டில் இருப்பான். அக்கா எப்போது வேண்டுமானாலும் வந்து பார்த்துவிட்டுப் போகலாம். கூட்டம் கலைந்தது.

தெய்வானை என்னிடம் வந்தாள். முகமெல்லாம் ஈரம். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “நான் சரியாத்தானக்கா சொன்னேன்? பாத்ததத்தான சொன்னேன்?”

பூங்கா இரண்டு அடி தள்ளி நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளைக்கு ஒரு ஆளாவது இருந்திருக்கும். ஆனால் தெய்வானை சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. நான் பிப்ரவரியில் செய்திருக்க வேண்டிய வேலையை அவள் செப்டம்பரில் செய்திருக்கிறாள்.

“சரியாத்தான் சொன்ன” என்றேன்.

பூங்கா அதைக் கேட்டாள். அழவில்லை. வாசல் திறந்துவிட்டார்களே, செம்பாயி வீடு இருபது அடியில் இருக்கிறதே, ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வா என்று ராமாயி சொன்னாள். வேண்டாமென்று தலையாட்டிவிட்டு ஓந்திப்பாறைக்கு நடக்க ஆரம்பித்தாள். ராமாயி பின்னாலேயே ஓடினாள்.